கில்லார்னி: முதல்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

அயர்லாந்தின் தென்மேற்கில் கெர்ரி மாவட்டத்தில் இருக்கும் கில்லார்னியை அங்கு செல்பவர்களில் பலர் இரவு தங்கும் ஊராக மட்டுமே கருதுகின்றனர். மாலையில் வந்து இறங்குகிறார்கள். மறுநாள் ‘ரிங் ஆஃப் கெர்ரி’ எனப்படும் தீபகற்பச் சாலையைப் பேருந்தில் சுற்றுகிறார்கள். அதற்கடுத்த நாள் புறப்பட்டுவிடுகிறார்கள். கடைத்தெரு முடிகிற இடத்திலேயே தொடங்கிவிடும் தேசியப் பூங்காவையும், பத்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த அந்தப் பூங்காவுக்குள் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கும் மூன்று ஏரிகளையும் அவர்கள் சன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. குறைந்தது மூன்று இரவுகள் தங்கி, முதல் இரண்டு பகல்களையும் பூங்காவுக்கே ஒதுக்கிவிட்டு, நேரம் மிஞ்சினால் மட்டும் ரிங் ஆஃப் கெர்ரியை நினைக்கலாம் என்பதே நான் இங்கு பரிந்துரைக்கும் ஏற்பாடு. டப்ளினிலிருந்து அதிகாலையில் கிளம்பி இரவில் திரும்பும் ஒருநாள் சுற்றுலாக்களும் உண்டு. ஒரு வழிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் என்பதால், அவற்றில் பகலின் பெரும்பகுதி பேருந்து இருக்கையிலேயே கழிந்துவிடும்.

விசாவும் பயணக் காலமும்

இந்தியா அல்லது இலங்கையின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அயர்லாந்துக்கு முன்கூட்டியே விசா பெற வேண்டும். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கன் பகுதியில் சேரவில்லை. ஆகவே பிரான்சுக்கோ ஜெர்மனிக்கோ பெற்ற ஷெங்கன் விசா இங்கு செல்லாது. இந்தியாவில் விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிரிட்டிஷ்–ஐரிஷ் விசா திட்டத்தின் கீழ் வழங்கப்பட்டு, அதற்குரிய குறியீடு பொறிக்கப்பட்ட குறுகியகால விசா இருந்தால், அந்த ஒரே விசாவில் இரு நாடுகளுக்கும் சென்றுவரலாம். ஆனால் விசா வழங்கிய நாட்டுக்குள்தான் முதலில் நுழைய வேண்டும். லண்டனில் நெடுங்காலமாக வசித்தாலும் இந்தியக் கடவுச்சீட்டையோ இலங்கைக் கடவுச்சீட்டையோ மாற்றிக்கொள்ளாதவர்கள், பிரிட்டனில் வசிக்கும் உரிமை இருக்கிறது என்பதாலேயே அயர்லாந்துக்கும் போய்விடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எந்த மாதத்தில் செல்வது என்பது விசாவுக்கு அடுத்தபடியாகத் தீர்மானிக்க வேண்டியது. என் தேர்வு மே மாதத்தின் பிற்பாதி அல்லது செப்டம்பர். ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் விடுதிக் கட்டணம் உச்சத்தில் இருக்கும். காற்றில்லாத மாலைகளில் ஏரிக்கரையில் ‘மிட்ஜ்’ எனப்படும் நுண்ணிய கொசுக்கள் நிற்கவிடாமல் கடிக்கும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் ஒரே பகலில் இரண்டு பகல்களின் வேலையைச் செய்யலாம். டிசம்பரில் மாலை நான்கரைக்கே இருட்டிவிடுவதோடு, படகுகளும் பல இடங்களும் இயங்குவதில்லை. அக்டோபர் செம்மான்களின் இனச்சேர்க்கைக் காலம். ஆண் மான்களின் உறுமல் மலைச்சரிவுகளில் எதிரொலிப்பதைக் கேட்க விரும்புவோர் அம்மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

தேதியை உறுதி செய்யும் முன்பு ஊரின் நாட்காட்டியையும் பார்த்துவிடுவது நல்லது. மே மாதத் தொடக்கத்தில் பொது விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் கார் பந்தயத்துக்காகச் சுற்றுவட்டாரச் சாலைகள் சில மூடப்படும். ஜூன் மாத விடுமுறை வார இறுதியில் மோட்டார் சைக்கிள் விழா நடக்கும். ஜூலையின் முதல் சனிக்கிழமை ஆயிரக்கணக்கானோர் ரிங் ஆஃப் கெர்ரியை மிதிவண்டியில் சுற்றும் தொண்டு நிதித் திரட்டல் நடைபெறும். விழாக்களுக்காகவே செல்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்நாட்களில் அறை கிடைப்பதே அரிது.

ஊரை அடைவதும் தங்குவதும்

டப்ளின் ஹ்யூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் வருவதே எளிது. நேரடி ரயில்கள் குறைவு. பெரும்பாலானவற்றில் மாலோ என்னும் சந்திப்பில் இறங்கி வண்டி மாற வேண்டும். மாற்றத்தையும் சேர்த்து ஏறக்குறைய மூன்றரை மணி நேரப் பயணம். பயணச்சீட்டை இணையத்தில் முன்னதாகவே வாங்கினால் கட்டணமும் குறையும், இருக்கையும் உறுதியாகும். 1853-இல் இந்த ஊருக்கு ரயில் வந்ததற்கு அடுத்த ஆண்டே நிலையத்தை ஒட்டி ரயில் நிறுவனத்தின் பெரிய ஓட்டல் திறக்கப்பட்டது. கில்லார்னி சுற்றுலாவை நம்பிப் பிழைக்கத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது என்பதற்கு அக்கட்டடம் இன்றும் சான்றாக நிற்கிறது. விமானத்தில் வருபவர்களுக்கு மிக அருகில் உள்ளது சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், ஃபாரன்ஃபோரில் இருக்கும் கெர்ரி விமான நிலையம். கார்க் விமான நிலையம் 90 கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

கார் எடுக்காதவர்கள் ரயில் நிலையத்துக்கும் ஹை ஸ்ட்ரீட்டுக்கும் இடையில் அறை எடுப்பது நல்லது. கார் வைத்திருப்பவர்களுக்கு மக்ராஸ் சாலையில் வரிசையாக உள்ள வீட்டு விடுதிகள் பொருந்தும்; அங்கு வாகனம் நிறுத்த இடம் கிடைக்கும், பூங்காவும் பக்கம். இவ்விடுதிகளில் கட்டணத்துடன் காலை உணவும் சேர்ந்திருக்கும். ஐரிஷ் காலை உணவு என்றால் பன்றி இறைச்சியும், விலங்கின் இரத்தம் கலந்த ‘பிளாக் புட்டிங்’கும் தட்டில் வந்துவிடும். சைவர்களும் பன்றி இறைச்சி உண்ணாதவர்களும் அறை பதியும்போதே சொல்லிவிட்டால் முட்டை, காளான், தக்காளி, சோடா ரொட்டி, கஞ்சி என மாற்றித் தருவார்கள். உணவகங்களில் ‘வெஜிடபிள் சூப்’ என்று எழுதியிருந்தாலும் அது கோழிச் சாற்றில் செய்யப்பட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஊருக்குள் இந்திய உணவகங்களும் பெரிய பல்பொருள் அங்காடிகளும் இருப்பதால் பட்டினி கிடக்கும் நிலை யாருக்கும் வராது. குழாய் நீரை அப்படியே குடிக்கலாம்.

பையில் வைக்க வேண்டியவற்றுள் முதலிடம், தலைமறைப்புடன் கூடிய, நீர் புகாத மேலாடைக்கு. குடை பெரும்பாலும் பயன்படாது, ஏனெனில் அட்லாண்டிக்கிலிருந்து வரும் மழை காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும். ஒரே தடிமனான கம்பளிச் சட்டையைவிட, கழற்றவும் அணியவும் எளிதான மெல்லிய அடுக்குகள் மேல். நனைந்த பாறையில் வழுக்காத காலணி வேண்டும். இந்தியாவிலிருந்து வருபவர்கள் பிரிட்டனில் உள்ளதைப் போன்ற, தட்டையான மூன்று முனை மின்செருகிக்கான இணைப்பானை எடுத்துவர வேண்டும். வெப்பக் குடுவை அல்லது மூடிபோட்ட குவளை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: 2023 முதல் இவ்வூர்க் காபிக் கடைகள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் காகிதக் குவளைகளைக் கைவிட்டுவிட்டன, சொந்தக் குவளை இல்லாதவர்கள் 2 யூரோ வைப்புத்தொகை கொடுத்துக் கடைக்குவளையை வாங்கி, பின்னர் எந்தக் கடையிலும் திருப்பித் தந்து பணத்தைப் பெறலாம்.

வானிலையைப் பார்த்துத் திட்டத்தை அமைத்தல்

இந்நாளில் இது, அந்நாளில் அது என்று வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வருபவர்களே கில்லார்னியில் அதிகம் ஏமாறுகிறார்கள். செய்ய வேண்டியவற்றை மட்டும் எழுதிக்கொண்டு, எதை எப்போது செய்வது என்பதை ஒவ்வொரு நாள் இரவும் ஐரிஷ் வானிலை ஆய்வு மையமான மெட் ஏரனின் முன்னறிவிப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மலையுச்சி தெளிவாகத் தெரியும் நாளில் டன்லோ கணவாய்க்கும், லேடீஸ் வியூ என்னும் காட்சி முனைக்கும் செல்லலாம். மேகம் தாழ்ந்து கிடந்தாலும் மழை இல்லையென்றால் ஏரியைச் சுற்றி மிதிவண்டி ஓட்டுவதற்கு அது போதும். விடாது பெய்தால் மக்ராஸ் மாளிகைக்கும் ராஸ் கோட்டைக்கும் உள்ளே சென்றுவிடலாம். மழை விட்ட கையோடு டார்க் அருவியைப் பார்க்கலாம், ஏனெனில் சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து பாறைகளின் மேல் சரியும் அந்த அருவி, வறண்ட வாரங்களில் மெலிந்து ஏமாற்றமளிக்கும்.

முதல் பகல்: மக்ராஸ் பக்கம்

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஊரில் மிதிவண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு புறப்படுவதே எல்லாவற்றிலும் சிறந்தது. மக்ராஸ் மாளிகை 6 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது, வழியெங்கும் பெரிய ஏற்றம் கிடையாது. மிதிவண்டி ஓட்ட இயலாதவர்களும் முதியவர்களும் ‘ஜான்ட்டிங் கார்’ எனப்படும் குதிரை வண்டியில் செல்லலாம். அவ்வண்டிகளை ஓட்டுபவர்களை இங்கு ‘ஜார்வி’ என்று அழைப்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்பவர்கள் என்பதால் வழி நெடுகக் கதை சொல்வார்கள். அக்கதைகளில் பாதியை நம்பினால் போதும். எங்கு சென்று எங்கு திரும்புவது, எவ்வளவு கட்டணம், அது வண்டிக்கா ஆளுக்கா என்பவற்றை ஏறும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

வழியில் முதலில் வருவது 1448-இல் பிரான்சிஸ்கன் துறவிகளுக்காக நிறுவப்பட்ட மக்ராஸ் மடத்தின் இடிபாடுகள். கூரை போய்விட்டாலும் சுவர்கள் பெருமளவு நிற்கின்றன. நான்கு பக்கமும் வளைவுகள் சூழ்ந்த நடுமுற்றத்தில், மடத்தின் வயதுடையதென்று சொல்லப்படும் ‘யூ’ மரம் ஒன்று முற்றம் முழுவதையும் நிழலால் மூடியிருக்கிறது. இங்கும் கட்டணம் இல்லை. பலர் பத்து நிமிடத்தில் வெளியேறிவிடுகிறார்கள். மாடிப்படி ஏறி அந்த முற்றத்தை மேலிருந்து பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்தது மக்ராஸ் மாளிகை. ஹெர்பர்ட் குடும்பத்துக்காக 1843-இல் கட்டி முடிக்கப்பட்ட இதில் 65 அறைகள் உள்ளன. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. வீட்டுக்குள் செல்லச் சீட்டு வாங்க வேண்டும், வழிகாட்டியுடன் செல்வது பயனுள்ளது. 1861-இல் விக்டோரியா அரசி வந்து தங்கியதற்காக ஹெர்பர்ட் குடும்பத்தினர் பல ஆண்டுகளாகப் பெரும் செலவு செய்தனர். அதே ஆண்டு டிசம்பரில் இளவரசர் ஆல்பர்ட் இறந்துவிட, எதிர்பார்த்த அரச மரியாதை எதுவும் கிட்டவில்லை. நூற்றாண்டு முடிவதற்குள் எஸ்டேட்டே கைமாறியது. பின்னர் அதை வாங்கிய கலிஃபோர்னியச் செல்வந்தர் வில்லியம் பவர்ஸ் போர்ன், தம் மகள் மாட் என்பவருக்குத் திருமணப் பரிசாக அளித்தார். மாட் 1929-இல் இறந்தபின், அவருடைய பெற்றோரும் கணவர் ஆர்தர் வின்சென்ட்டும் 1932-இல் எஸ்டேட் முழுவதையும் அயர்லாந்து நாட்டுக்கு நன்கொடையாகக் கொடுத்தனர். அதுவே அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. குழந்தைகளுடன் வருபவர்கள், மாளிகைக்கு அருகில் 1930-களின் கிராம வாழ்க்கையைக் காட்டும் பண்ணைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாளிகையிலிருந்து மக்ராஸ் ஏரியைச் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய 10 கிலோமீட்டர். மிதிவண்டியில் செல்பவர்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மட்டுமே செல்ல வேண்டும். அப்பாதை முதலில் சுண்ணாம்புப் பாறை மேல் வளர்ந்த யூ மரக் காட்டை ஒட்டிச் செல்கிறது. யூ மரங்கள் மட்டுமே அடர்ந்த இத்தகைய காடு ஐரோப்பாவில் மிக அரிது. பிறகு பிரிக்கீன் பாலத்தைக் கடந்து, மூன்று ஏரிகளின் நீரும் சேரும் இடத்துக்கு அருகில் உள்ள டினிஸ் குடிலை அடைகிறது. பின்னர் பாதை நெடுஞ்சாலையை ஒட்டி வந்து டார்க் அருவியை அடைகிறது. அருவிக்கு மேலே செல்லும் படிகள் வழியாக ஏறினால் ஏரிகளைப் பார்க்கலாம். கால்களில் வலு இருப்பவர்கள் அங்கிருந்து 535 மீட்டர் உயர டார்க் மலைக்கும் செல்லலாம். போய்வர மூன்று மணி நேரமாவது வேண்டும்.

செம்மான்களைப் பற்றி ஒரு சொல். அயர்லாந்தின் பெருநிலத்தில் தொன்றுதொட்டு எஞ்சியிருக்கும் ஒரே பூர்விகச் செம்மான் கூட்டம் இங்குதான் வாழ்கிறது. ஊரை ஒட்டிய புல்வெளிகளிலேயே அவற்றைக் காணலாம். பழகிய விலங்குபோல நின்றாலும் அவை காட்டு விலங்குகளே. உணவு கொடுப்பதோ, தம்படத்துக்காக அருகில் செல்வதோ, புல்லில் படுத்திருக்கும் குட்டியைத் தொடுவதோ கூடாது. புல்வெளியில் நடந்து திரும்பியபின் கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் கடியால் ‘லைம்’ நோய் பரவக்கூடும்.

இரண்டாம் பகல்: டன்லோ கணவாயும் படகும்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் அவர்களை அனுப்புவது இங்குதான். மக்கிலிகடி ரீக்ஸ் மலைத்தொடருக்கும் பர்ப்பிள் மலைக்கும் இடையில் பனியாறு குடைந்த கணவாய் இது. கேட் கியர்னி குடில் என்னும் பழைய விடுதியிலிருந்து தொடங்கி, சிறு ஏரிகளைக் கடந்து, உச்சிக்கு ஏறி, மறுபுறம் இறங்கி லார்ட் பிராண்டன் குடிலில் முடியும் இப்பாதை 11 கிலோமீட்டர் நீளம். அங்கிருந்து திறந்த படகில் மூன்று ஏரிகளையும் கடந்து ராஸ் கோட்டைக்குத் திரும்பலாம். கேட் கியர்னி குடிலை அடைந்தபின், மலைக்கு நடுவிலும் நீரின் மேலும் கழியும் அப்பகலில் கார் ஏற வேண்டிய தேவையே இல்லை.

படகு இருக்கையை முந்தைய நாளே பதிவு செய்துவிடுங்கள். படகுகள் பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணியை ஒட்டியே லார்ட் பிராண்டன் குடிலிலிருந்து புறப்படும். பதிவு செய்யும்போது சரியான நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். படகைத் தவறவிட்டால் திரும்பி நடப்பதைத் தவிர எளிய வழி இல்லை. கேட் கியர்னி குடிலுக்கு ஊரிலிருந்து சுற்றுலாப் பேருந்தோ வாடகைக் காரோ பிடித்துக் காலை பத்தரைக்குள் சென்றுவிட்டால், நிதானமாக நடந்தும் நேரத்துக்குள் சேரலாம். நடக்க முடியாதவர்களுக்கு இங்கும் குதிரை வண்டிகள் உண்டு. மிதிவண்டியில் வருபவர்கள் அதைப் படகில் ஏற்றிக்கொள்ளலாம். முதலில் ராஸ் கோட்டையிலிருந்து படகில் சென்று, பிறகு கணவாய் வழியாக மிதித்துத் திரும்புவோரும் பலர். கணவாய்ச் சாலை பொதுச்சாலையே என்றாலும், நடப்பவர்களும் குதிரைகளும் நிறைந்த கோடைப் பகலில் காரை அதற்குள் ஓட்டுவது நாகரிகமன்று.

மறுபுறம் தெரியும் பிளாக் வேலி என்னும் பள்ளத்தாக்குக்கு மின்சாரம் எட்டியது 1970-களில்தான். அயர்லாந்தின் பெருநிலத்தில் கடைசியாக மின்சாரம் பெற்ற இடங்களுள் அது ஒன்று.

படகில் கூரை கிடையாது என்பதால், காலையில் வெயில் அடித்தாலும் மழைச்சட்டையை விட்டுச் செல்லக் கூடாது. மேல் ஏரியிலிருந்து குறுகிய நீர்வழியில் இறங்கிவரும் படகு, ஓல்டு வெயர் பாலத்தின் கீழ் நீர் சுழித்தோடும் இடத்தைக் கடக்கும். நீர்மட்டம் குறைவாக இருந்தால் பயணிகளை இறக்கி, சில அடிகள் நடக்கச் சொல்வார்கள். அது வழக்கமானதே, அஞ்ச வேண்டியதில்லை. பிறகு மக்ராஸ் ஏரி, அதன்பின் மூன்றிலும் பெரியதான லாக் லேன்.

படகு சென்று சேரும் ராஸ் கோட்டை 15-ஆம் நூற்றாண்டில் ஓ’டோனஹ்யூ குலத் தலைவர்கள் கட்டியது. 1652-இல் இங்கிலாந்தின் ஆலிவர் குரோம்வெல் தரப்புப் படை முற்றுகையிட்டபோது, மன்ஸ்டர் மாகாணத்தில் கடைசிவரை தாக்குப்பிடித்த கோட்டைகளுள் இதுவும் ஒன்று. ஏரியில் போர்க்கப்பல் மிதக்கும் வரை கோட்டை வீழாது என்றொரு வாக்கு இருந்ததாகவும், தளபதி லட்லோ படகுகளைக் கொண்டுவந்து நீரில் இறக்கியதைக் கண்டதும் உள்ளிருந்தோர் மனம் தளர்ந்ததாகவும் வழிகாட்டிகள் சொல்வார்கள். உள்ளே செல்லக் கட்டணம் உண்டு, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கோட்டைத் துறையிலிருந்து சிறு படகு பிடித்தால் இன்னிஸ்ஃபாலன் தீவில் உள்ள பழைய மடாலயத்துக்கும் போகலாம். அயர்லாந்தின் பழைய வரலாற்றுக்கு முக்கியச் சான்றான இன்னிஸ்ஃபாலன் ஆண்டுக்குறிப்புகள் எழுதப்பட்டது அங்குதான்.

மூன்றாம் பகல் இருந்தால்

ரிங் ஆஃப் கெர்ரி 179 கிலோமீட்டர். சாலை குறுகலானது என்பதால் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், கில்லார்கிளின் வழியாகச் செல்கின்றன. காரில் செல்பவர் கடிகார முள் சுழலும் திசையில் சென்றால் பேருந்துக்குப் பின்னால் ஊர வேண்டியிராது. ஆனால் குறுகிய வளைவுகளில் அவற்றை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருக்கும். இச்சாலைகளுக்குப் புதியவர்கள் பேருந்துகள் செல்லும் திசையிலேயே, காலை எட்டரைக்கு முன்பே புறப்பட்டுவிடுவது பாதுகாப்பு. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளதுபோல இங்கும் வாகனம் இடப்பக்கமே செல்லும். சாலையோரக் கல்சுவர்களுக்கும் ஆடுகளுக்கும் பழக ஒரு நாள் ஆகும்.

நாள் முழுதும் காரில் இருக்க விரும்பாதவர்கள், அச்சாலையின் சிறந்த பகுதியை மட்டும் அரைநாளில் பார்த்துவிடலாம். ஊரிலிருந்து கென்மேர் செல்லும் என்71 சாலையில் சுமார் 19 கிலோமீட்டரில் லேடீஸ் வியூ வரும். 1861-இல் விக்டோரியாவுடன் வந்த பணிப்பெண்கள் இவ்விடத்தின் காட்சியில் மகிழ்ந்ததால் ஏற்பட்ட பெயர் இது. மூன்று ஏரிகளின் பள்ளத்தாக்கு அங்கிருந்து விரிந்து தெரியும். இன்னும் சற்று மேலே மோல்ஸ் கேப் என்னும் கணவாய். மே இறுதியிலும் ஜூனிலும் வழியெங்கும் ஊதா நிறத்தில் பூத்திருக்கும் ரோடோடென்ட்ரான் புதர்களைப் படம் எடுக்காதவர் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட அச்செடி கருவாலிக் காடுகளுக்குள் புகுந்து இளங்கன்றுகளை முளைக்கவிடாமல் செய்வதால், பூங்காவினர் பல ஆண்டுகளாக அதை அழிக்கப் போராடுகின்றனர்.

அயர்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான கேரன்டூல் 1,038 மீட்டர்தான் என்பதைப் படித்துவிட்டு, கொடைக்கானலின் பாதி உயரம்கூட இல்லையே என்று எளிதாக எண்ணிவிட வேண்டாம். கடல்மட்டத்துக்கு அருகிலிருந்தே நடந்து ஏற வேண்டியிருப்பதும், டெவில்ஸ் லேடர் எனப்படும் செங்குத்து ஓடையில் கற்கள் சரிவதும், பத்து நிமிடத்தில் மேகம் சூழ்ந்து வழி மறைவதும் இம்மலையை ஆபத்தானதாக்குகின்றன. மலைப் பயிற்சி இல்லாதவர்கள் கிரோனின்ஸ் யார்டிலிருந்து புறப்படும் உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் மட்டுமே ஏற வேண்டும். மலையில் விபத்து நேர்ந்தால் 112 அல்லது 999 எண்ணை அழைத்து மலை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும்.

திரும்பும்போது

ஞாயிறு மாலை டப்ளின் ரயில்களில் கூட்டம் மிகுதியாக இருக்கும். இயன்றால் திங்கள் காலையைத் தேர்ந்தெடுங்கள். கில்லார்னி நிலையத்தில் டிரலீ செல்லும் ரயில்கள் பின்னோக்கி நகர்ந்து திசை மாற்றிச் செல்லும் என்பதால், வண்டி நகரும் திசையைப் பார்த்துத் தவறான ரயிலில் ஏறிவிட்டதாகப் பதற வேண்டாம். கெர்ரி விமான நிலையத்துக்குச் செல்பவர்கள் அந்த ரயிலில்தான் ஃபாரன்ஃபோர் வரை போக வேண்டும். அங்கிருந்து விமான நிலையம் ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பெட்டி கனமாக இருந்தால் ஊரிலிருந்தே வாடகைக் காரைப் பேசிக்கொள்வது நல்லது.